விட்டுப்போன முப்பத்தொன்பதாவது வளைவு

என் கண்ணுக்கு,

நீ விமானம் ஏறி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. குளிர் ஜாஸ்தி, சாப்பாட்டில் உப்பு கம்மி, அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சர்ச் கோபுரம் என்று போனில் சொன்னாய். அது போதும் எனக்கு. இந்த ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக, காலையில் எழுந்ததும் நெஞ்சில் ஒன்றும் அழுத்தாமல் காப்பி குடிக்கிறேன். ஆனால் போனில் சொல்ல முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் உங்கள் அப்பா 'ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு' என்று உயிரை எடுக்கிறார். அதனால் எழுதுகிறேன். தூர தேசம் போன பிள்ளைக்கு அம்மா எழுதினால் அதில் புத்திமதி இருக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பதில் பெரிய புத்திமதியை நீ ஏற்கனவே நடத்திக் காட்டிவிட்டாய். நான் சொன்னதைக் கேட்காமல் போனாயே, அதுதான். அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இன்று இப்படி நிம்மதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ கணக்கில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால்தான் பதில் சொல்ல வராது. 'வளைவுகளை வகை பிரிக்கிறான்' என்று உன் அத்தையிடம் சொன்னேன். 'அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சு வருசம்? நான் சாயங்காலத்துக்குள்ள பிரிச்சி வெச்சிடுவேனே' என்றாள், முருங்கைக்காயைப் பிரித்து வைப்பது போல. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ ஜன்னலில் போர்வையைக் கட்டி, அப்பாவின் பழைய டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்துக் காட்டினாயே, அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நேராகப் பிடித்தால் வட்டம். கொஞ்சம் சாய்த்தால் இழுத்த வட்டம். 'முட்டை மாதிரி இருக்குது, பாரு' என்றார் உங்கள் அப்பா. நான் விடவில்லை. இருபத்தாறு வருடமாக ஷூ கம்பெனியில் பேட்டர்ன் அறையில் வேலை செய்கிறவள் நான். தோலை எந்தக் கோட்டில் வெட்ட வேண்டும் என்பதற்கு அட்டையில் வளைவு போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முட்டைக்கு ஒரு முனை மழுங்கல், ஒரு முனை கூர். சுவரில் விழுந்ததற்கு இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தது. 'அது முட்டை இல்ல' என்றேன். நீ துள்ளிக் குதித்தாய். 'கரெக்ட்மா, இது நீள்வட்டம். முட்டை வேற ஜாதி' என்றாய்.

டார்ச்சை இன்னும் சாய்த்தாய். ஒரு கட்டத்தில் வெளிச்சத்தின் அந்தப் பக்கத்து முனை மூடாமல் கூரை வரைக்கும் ஓடிப்போனது. சரியாக ஒரே ஒரு சாய்வில் வருவது பரவளையம், அதையும் தாண்டிச் சாய்த்தால் அதிபரவளையம் என்றாய். சமன்பாட்டில் இரண்டாம் படி வரைக்கும் இருந்தால், நேர்கோடுகளாக உடையாத வளைவு இவ்வளவுதான், உலகத்தில் வேறு கிடையாது என்றாய். மூன்றாம் படிக்குப் போனால் எழுபத்தெட்டு வகை. நடுவில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு சுருக்கு போடுகிறது, ஊசி மாதிரி கூர்முனையில் திரும்பிப் போகிறது, தனியாக ஒரு தீவு விட்டுவிட்டு மீதிக் கோடு எங்கோ போகிறது என்று காகிதத்தில் வரைந்து தள்ளினாய். அந்த எழுபத்தெட்டும் ஐந்தே ஐந்து வளைவுகளின் நிழல் என்று நீ சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலாம் படியில் ஒரு குடும்பத்தை எடுத்து, அதில் மொத்தம் எத்தனை வகை என்று ஒன்றுவிடாமல் பட்டியல் போடுவதுதான் உன் வேலை. 'பெரிய வட்டமும் சின்ன வட்டமும் வேற வேற வகையா?' என்று கேட்டேன். 'இல்லம்மா, ரெண்டும் ஒண்ணுதான்' என்றாய். எங்கள் பேட்டர்ன் அறையில் முப்பத்தேழாம் சைசும் முப்பத்தெட்டாம் சைசும் ஒன்று என்று சொன்னால் மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். அதைச் சொல்லி நாம் எவ்வளவு சிரித்தோம்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு லீவில் இருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ சொல்லாமல் கொள்ளாமல் வேலூரிலிருந்து வந்து நின்றாய். பையில் உன் ஆராய்ச்சிப் புத்தகம், பைண்டு செய்வதற்கு முந்தைய கட்டு. ஐந்து நாளில் கொடுக்க வேண்டியது. முகத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

'இன்னாடா ஆச்சி?'

'ஒண்ணு விட்டுப்போச்சிம்மா. முப்பத்தெட்டு வகைன்னு எழுதியிருக்கேன். இன்னொண்ணு இருக்குது.'

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். நீ ஒவ்வொரு சமன்பாட்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து, படத்தைப் பார்த்து, ஒரே மாதிரி இருந்தவற்றை ஒரே வகையில் போட்டிருந்தாய். கம்ப்யூட்டர் எப்படி வரைகிறது என்று அன்றுதான் சொன்னாய். ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல், இரண்டும் மாறுகிற இடத்தில் அது கோடு போடுகிறது. ஆனால் சில வளைவுகளுக்குக் கோட்டை விட்டுத் தள்ளித் தன்னந்தனியாக ஒரே ஒரு புள்ளி இருக்குமாம். அந்தப் புள்ளியில் மட்டும் பூஜ்யம், சுற்றிலும் எல்லாம் கூட்டல். எங்கேயும் குறி மாறாததால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். புள்ளி உள்ள வளைவும் இல்லாத வளைவும் படத்தில் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். மூன்றாம் படியில் அந்தத் தனிப்புள்ளியை நீ பாடமாகவே படித்திருக்கிறாய். தெரிந்தும் படத்தை நம்பிவிட்டாய். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சும்மா கையால் போட்டுப் பார்த்ததில் அந்தப் புள்ளி மாட்டியது என்றாய். சொல்லிவிட்டு அழுதாய். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது நான் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. 'உன் கைடுக்குத் தெரியுமா?' என்று கேட்டேன். தெரியாது என்றாய். 'கம்ப்யூட்டருக்கே தெரியல, யாருக்குடா தெரியப் போவுது? வாயத் தொறக்காத. அப்டியே குடுத்துடு. ஒரு புள்ளிக்கோசரம் அஞ்சு வருசத்த வுடுவியா?' என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். 'முழுப் பட்டியல்னு பேர் போட்டுட்டு ஒண்ணு இல்லன்னா, அத நம்பி அடுத்து ஒருத்தன் கணக்கு போடுவான்மா. அவனுக்குத் தப்பாதான் வரும். அவன் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிப்பான்' என்றாய். பிறகு கேட்டாய், 'நீ உன் வேலையில இப்டி எதுனா மறைச்சிருக்கியா?' என்று. 'ச்சீ, நான் ஏன் மறைக்கப் போறேன்?' என்றேன்.

அது பொய். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் தடுப்பூசி வலிக்காது என்பதும், பூனைக்குட்டி தானாகத்தான் ஓடிப்போனது என்பதும் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிடு. இந்த ஒன்றுக்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நசீமாவை நினைவிருக்கும். ரம்ஜானுக்கு நம் வீட்டுக்குச் சேமியா அனுப்புவாளே, ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் வீடு. எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைக் கால் வடிவக் கட்டையின் மேல் மாட்டி, இழுத்து ஒட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. ஆண்கள்தான் அதில் உட்காருவார்கள். நசீமா கேட்டுக் கேட்டு, ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகி, அதில் உட்கார்ந்தாள். எங்கள் கம்பெனியில் அந்த மெஷினில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். நாங்கள் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ச் சாப்பிட்டோம்.

அந்தச் சமயத்தில் ஒரு லேடீஸ் ஷூவுக்கு நான் பேட்டர்ன் போட்டேன். கட்டையின் மேல் டேப் ஒட்டி, அதில் கோடு வரைந்து, உரித்துத் தட்டையாக்கி அட்டைக்குக் கொண்டுவருவோம். ஒரு சைசுக்குப் போட்டுவிட்டு, அதிலிருந்து மற்ற சைசுகளுக்குப் பெருக்கிக்கொண்டு போக வேண்டும். முப்பத்தெட்டு அருமையாக வந்தது. நாற்பத்திரண்டில் மட்டும் பக்கவாட்டு வளைவில் ஓர் இடம் தட்டையாக விழுந்துவிட்டது. கண்ணுக்கு லேசில் தெரியாது, விரலை ஓட்டினால் தெரியும். நான் கண்டுபிடித்தபோது சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு, தோல் வெட்டவும் நாள் குறித்தாகிவிட்டது. திரும்பப் போட வேண்டும் என்றால் ஏன், எப்படி என்று எல்லோர் எதிரிலும் நிற்க வேண்டும். நான் அந்த அட்டையை உப்புத்தாளால் தேய்த்தேன். தட்டை தெரியாமல் வழவழவென்று ஆகும் வரைக்கும் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தேய்த்ததில் அளவு ஒரு நூல் குறைந்துவிட்டது. அதில் வெட்டிய துண்டைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்துத் தைத்தபோது ஒன்று மற்றொன்றை இழுத்தது. நாற்பத்திரண்டு சைசு ஷூ எல்லாம் கட்டையில் மாட்டியதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சுருக்கம் விழுந்தது. மாட்டிக்கொண்டிருந்தது நசீமா. 'மத்த சைசு நல்லா வர்து, இது மட்டும் வர்லன்னா இழுக்கறதுக்குக் கையில தெம்பு இல்லன்னுதான அர்த்தம்? இதுக்குத்தான் இந்த மெஷினுக்கு லேடீஸ் வேணாம்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்' என்று சூப்பர்வைசர் லைனில் நின்று கத்தினார். அவளை எழுப்பி, முடிந்த ஷூவைத் துடைத்துப் பெட்டியில் போடுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். மறுநாள் யாருக்கும் தெரியாமல் புது அட்டை வெட்டி மாட்டினேன். அப்புறம் வேறு ஆள் உட்கார்ந்ததும், புது அட்டையில் வெட்டிய நாற்பத்திரண்டு ஒழுங்காக வந்தது. எல்லோரும் அவள் கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெட்டி போடும் இடத்திலேயே பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, முட்டி வலி என்று போன வருடம் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மெஷினில் இன்று வரைக்கும் எந்தப் பெண்ணையும் உட்கார வைக்கவில்லை. நான் அவள் அனுப்பிய சேமியாவை ஒவ்வொரு வருடமும் தின்றேன்.

நீ மறுநாளே கிளம்பிப் போய் உன் கைடிடம் சொல்லிவிட்டாய். அவர் உன்னைத் திட்டப் போகிறார் என்று நான் இங்கே சோறு இறங்காமல் கிடந்தேன். அவரோ, மூன்றாம் படி வளைவுகளை முதன்முதலில் வகை பிரித்த அந்த மகா பெரிய அறிஞரே எழுபத்திரண்டுதான் எழுதினார், ஆறு விட்டுப்போய் மற்றவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள் என்று சொல்லி உனக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். 'ஆனா நீ விட்டத நீயேதான் சேக்கணும், இன்னும் ஒரு வருசம் ஆனாலும் சரி' என்றாராம். ஆனதும் ஒரு வருடத்துக்கு மேல். படத்தையே நம்பாமல் எல்லாவற்றையும் கையால் திரும்பப் போட்டாய். முப்பத்தொன்பதோடு நிற்காமல் இன்னும் இரண்டு தனிப்புள்ளிகள் ஒளிந்திருந்ததைப் பிடித்து நாற்பத்தொன்றில் கொண்டுவந்து நிறுத்தினாய். அந்த வருடம் முழுக்க உறவுக்காரர்கள் 'இன்னும் எண்ணி முடிக்கலியா?' என்று கேட்டுப் பேஜார் செய்தார்கள். நானும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ வருடத்தை வீணாக்கியதாக எனக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

உன் வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நீ சொன்னதும் உங்கள் அப்பா சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டார். ஆற்காடு மக்கன் பேடா இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு முதல் பஸ் பிடித்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, 'இந்தப் பட்டியல் முழுமையானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டார். நீ நிமிர்ந்து நின்று, 'என் முதல் பட்டியல் முழுமையாக இல்லை. அதைக் கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்னால்தான் எனக்கே தெரிந்தது' என்று ஆரம்பித்து, எப்படிப் படத்தை நம்பி ஏமாந்தாய் என்று அத்தனை பேர் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னாய். யாரும் உன்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. அந்தப் பரீட்சைக்காரர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பொதுமக்களில் யாராவது கேட்கலாம் என்றதும் உங்கள் அப்பா கையைத் தூக்கிவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. 'இன்னும் எதுனா வகை பாக்கி இருக்குதா சார்?' என்று பெற்ற பிள்ளையை சார் என்று கூப்பிட்டுக் கேட்டார். கூட்டம் சிரித்தது. 'இந்தக் குடும்பத்தில் இல்லை. அதற்கு இப்போது நிரூபணம் இருக்கிறது' என்றாய் நீ. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ பாஸ் ஆனதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒப்புக்கொண்டால் இடி விழும் என்று பன்னிரண்டு வருடம் நான் பயந்த விஷயத்தை, நீ பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாய்.

நீ கிளம்பிய மறு ஞாயிறு காலை பத்து மணிக்கு நசீமா வீட்டுக்குப் போனேன். 'இன்னாக்கா, புள்ள போய்ட்டானா? உக்காருங்க' என்று பாயை விரித்தாள். உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். அவள் வெகுநேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

'என் கைதான் சரியில்லன்னு நானே நம்பிட்டேனேக்கா' என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. 'எம் பொண்ணு அந்த மெஷினுக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. நாந்தான் வாணாம்ட்டேன். அது நம்ம கைக்கு வராது, உங்கம்மாவுக்கே வர்லன்னு சொல்லி வூட்ல உக்கார வெச்சேன். இத்தினி வருசம் பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்களே, ஒரு வாட்டி வாய் வர்லியா?'

காலில் விழுகிறேன் என்றேன். 'கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது?' என்று கத்தினாள். கத்தி ஓய்ந்ததும் தண்ணீர் குடித்தாள், எனக்கும் ஒரு டம்ளர் நகர்த்தி வைத்தாள். 'எங்காதுல மட்டும் வந்து சொன்னா ஆச்சா? என்ன எழுப்புனது லைனு மொத்தமும் பாக்க. உங்க புள்ளையாண்டயும் இல்லன்னு பொய்தான சொல்லியிருக்கீங்க? அவனுக்கு எழுதுங்க. ஒண்ணு வுடாம எழுதுங்க. எழுதி எடுத்தாந்து மொதல்ல இங்க படிங்க. எம் பொண்ண வாணியம்பாடியிலருந்து வரச் சொல்றேன். அன்னிக்கு லைன்ல இருந்தவங்க நாலு பேர் இன்னும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க. கேக்கட்டும்' என்றாள்.

தெருவில் இறங்கி நடந்தபோது எனக்குக் கால் லேசாக இருந்தது. பயம் போகவில்லை. கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை மேனேஜரிடமும் சொல்லப் போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது. ஆனால் அதை மறைத்து வைத்திருந்ததை விட இது எவ்வளவோ சுகம்.

இந்த வெள்ளிக்கிழமை, அவர்கள் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு, அவள் வீட்டுக் கூடத்தில் நான் இதைப் படிக்க வேண்டும். விட்டுப்போனதை அவள் சொல்வாள், அங்கேயே எழுதிச் சேர்ப்பேன். அவள் போதும் என்று சொன்ன பிறகுதான் தபாலில் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எத்தனை வெள்ளிக்கிழமை ஆகுமோ தெரியாது. ஆகையால் கண்ணா, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், நசீமா போதும் என்று சொல்லிவிட்டாள்.

உன் அம்மா